கழுத்துல கட்டியா? வெட்டறதுக்கு முன்னாடி ஊசி

கேள்வி: டாக்டர், நாங்க மும்பை தாராவி 90 அடி ரோட்டுல இருக்கோம். அப்பாவுக்கு 56 வயசு, குட்கா பழக்கம் உண்டு. கழுத்துல வலது பக்கம் ரெண்டு மாசமா ஒரு கட்டி, வலியே இல்ல. பக்கத்து நர்சிங் ஹோம்ல கட்டிய எடுத்துட்டு டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்ங்கிறாங்க. ஊசி குத்துனா பரவிடும்னு பெரியப்பா வேற பயமுறுத்துறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அந்த ஆபரேஷன இப்போதைக்கு நிறுத்துங்க, ஆனா டெஸ்ட்ட மட்டும் தள்ளிப் போடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல கரையாத கட்டி, அதுவும் வலி இல்லாம, குட்கா போடறவருக்கு வந்திருக்குன்னா கேன்சர் இல்லன்னு தெரியிற வரைக்கும் சந்தேகப்பட்டே ஆகணும். கழுத்துல இருக்கிறது பல நேரம் நெறி கட்டினதுதான், மூலம் வாய்லயோ டான்சில்லயோ நாக்கோட அடியிலயோ தொண்டையிலயோ தைராய்டுலயோ ஒளிஞ்சிருக்கும், அத தேடாம கட்டிய மட்டும் வெட்டி எடுத்தா அந்த இடம் தழும்பாகி அப்புறம் செய்ய வேண்டிய முழு ஆபரேஷன் சிக்கலாயிடும்.

முதல்ல தலை-கழுத்து சர்ஜன் இல்லாட்டி ஈஎன்டி டாக்டர்ட்ட போங்க. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல குட்காவ அடக்கி வெக்கிற இடத்த அவர் விரல் விட்டு தடவிப் பாக்கணும், நாக்கோட ஓரத்தையும் அடியையும் பாக்கணும், மூக்கு வழியா கேமரா விட்டு தொண்டையையும் பாக்கணும். அப்பாவ வாய நல்லா திறக்கச் சொல்லுங்க, அவரோட மூணு விரல் செங்குத்தா நுழையலன்னா அதையும் டாக்டர்ட்ட சொல்லணும். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சரின்னு அனுப்பறதெல்லாம் பரிசோதனையே இல்ல.

அடுத்து எஃப்என்ஏசி, அதாவது ஊசியால கட்டில இருந்து கொஞ்சம் செல் உறிஞ்சி எடுக்கிற டெஸ்ட், சோனோகிராஃபில பாத்துக்கிட்டே குத்தினா நல்லது. மெல்லிசு ஊசிதான், அதனால கேன்சர் பரவறதுங்கிறது அபூர்வத்துலயும் அபூர்வம், பெரியப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க. ஒரே விஷயம், கட்டி துடிக்கிற மாதிரி இருந்தா குத்தறதுக்கு முன்னாடி டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்த காட்டுற ஸ்கேன் பாத்துடணும். நம்ம ஊர்ல டிபி-யாலயும் இதே மாதிரி வலியில்லாத கட்டி வரும், அதனால அதே ஊசில எடுத்ததுல கொஞ்சத்த டிபி கிருமிய கண்டுபிடிக்கிற சிபிநாட் டெஸ்ட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்க, டெஸ்ட் இல்லாம குத்துமதிப்பா டிபி மாத்திரை ஆரம்பிக்க விடாதீங்க. கட்டிக்குள்ள வெறும் தண்ணி வந்துச்சு, கேன்சர் செல் இல்லன்னு ரிப்போர்ட் வந்தாலும் இந்த வயசுல அத நம்பி உக்காரக்கூடாது, திரும்ப குத்தணும் இல்ல கோர் பயாப்சி, அதாவது கொஞ்சம் தடிச்ச ஊசியால சின்ன சதைத்துண்டு எடுக்கணும். நெறியிலயே வர்ற கேன்சரான லிம்ஃபோமான்னு சந்தேகம் வந்தா நெறிய முழுசா எடுக்கச் சொல்லுவாங்க, அப்ப அது சரிதான்.

வாய்ல புண் தெரிஞ்சா அதுல பயாப்சி எடுக்கறதுக்கு முன்னாடியே ஸ்கேன் முடிச்சிட்டா நல்லது, எடுத்தப்புறம் வர்ற வீக்கம் படத்துல குழப்பும். மருந்து ஏத்தி எடுக்கிற கான்ட்ராஸ்ட் சிடி ஸ்கேனுக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் பாப்பாங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் எடுத்தா சொல்லிடுங்க. பெட் ஸ்கேனுக்கு எடுத்தவுடனே காச கொட்டாதீங்க, தேவைன்னா அவங்களே எழுதுவாங்க.

சயான்ல ஸ்லோ லோக்கல் ஏறினா பரேல், டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி அங்கதான். வெளிய எடுத்த டெஸ்ட்ட அவங்க லேப்ல மறுபடி பாப்பாங்க, அதனால ரிப்போர்ட் பேப்பரோட நிக்காம கண்ணாடி ஸ்லைடையும், பயாப்சி எடுத்திருந்தா அந்த சதைய பதிச்சு வெச்ச மெழுகு பிளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கிட்டுப் போங்க.