நுரையீரலின் சர்க்கரைச் சங்கிலிகளை ஆராய என்ன படிக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் டூ முடித்துள்ள தங்கள் மகன் நுரையீரல் நோய்களில் சர்க்கரை மூலக்கூறுகளின் பங்கை ஆராய விரும்புவதாகவும், அதற்கென ஒரு பட்டப்படிப்பு எங்குமே தென்படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இளநிலையில் அதைத் தேட வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வின்போது சென்று சேர வேண்டிய துறை அது. இப்போது தீர்மானிக்க வேண்டியது அடித்தளப் பாடத்தை மட்டுமே. என் பரிந்துரை வேதியியல்.

காரணத்தைச் சொல்கிறேன். மூச்சுக்குழாய்ச் சளியிலுள்ள மியூசின் புரதங்களின் எடையில் பாதிக்கும் மேல், அவற்றில் கிளைகிளையாகப் பிணைந்துள்ள சர்க்கரைச் சங்கிலிகளுடையது. நீரைப் பிடித்துவைத்துச் சளியை வழுவழுப்பாக வைத்திருப்பதும், தூசியையும் கிருமிகளையும் சிக்கவைப்பதும் பெரும்பாலும் அவற்றின் வேலையே. செல்களின் மேற்பரப்பிலும் உள்ள இத்தகைய சங்கிலிகளின் நுனியில் இருக்கும் சையாலிக் அமிலம் என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் இன்ஃப்ளுயன்சா வைரஸ் செல்லுக்குள் நுழைகிறது. பெருகிய பின் வெளியேற, நியூராமினிடேஸ் என்னும் நொதியால் அந்த அமிலத்தை வெட்டிவிடுகிறது. அந்த நொதியை முடக்கும் ஒசெல்டாமிவிர் மருந்து, சையாலிக் அமிலத்தின் வடிவத்தைப் பின்பற்றி வேதியியலாளர்கள் அமைத்த மூலக்கூறு. செல்களின் மேலுள்ள சர்க்கரைகளை உயிருள்ள நிலையிலேயே அடையாளமிட்டுக் காண வழிவகுத்த கரோலின் பெர்டோசி 2022-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் வேதியியலுக்காகத்தான்.

திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட இடங்களிலுள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி) நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இதற்கு மிகவும் ஏற்றது. அதன் நுழைவுத் தேர்வில் கணிதமும் இருப்பதால், உயிரியல் பிரிவில் படித்தவர் தனியே பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலோ உயிர்வேதியியலோ படித்து, எம்.எஸ்சி.க்குப் பின் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் வழியே ஆய்வுக்குச் செல்லலாம். சர்க்கரையைப் பற்றும் லெக்டின் புரதங்களைக் குறித்துப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலமாக ஆய்வு நடந்துவருகிறது; நிலக்கடலை லெக்டினின் முப்பரிமாண அமைப்பு கண்டறியப்பட்டது அங்கேதான்.

வேலை பற்றிய தங்கள் அச்சம் நியாயமானது. முனைவர் பட்டம் வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகும். நிரந்தர ஆய்வுப் பணியிடங்களும் குறைவு. ஆனால் எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகளில் ஒட்டியுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் மாறினால் அவற்றின் செயல்திறனும் மாறக்கூடும் என்பதால், பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உள்ள உயிரிமருந்து நிறுவனங்கள் அச்சங்கிலிகளைப் பகுத்தாய்ந்தாக வேண்டும். கலவையின் கூறுகளைப் பிரிக்கும் எச்.பி.எல்.சி., மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி ஆகிய கருவிகளில் தேர்ந்தவருக்கு எம்.எஸ்சி.யோடும் அங்கே இடமுண்டு. ஆகவே கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது, அக்கருவிகள் இருக்கின்றனவா என்பதோடு நிறுத்தாமல், மாணவர்கள் தாமே அவற்றை இயக்க அனுமதிக்கப்படுகிறார்களா என்பதையும் துறைத்தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.