பேர்ணுக்குப் புதிதாய் வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, கலியாணம் கட்டி சுவிஸுக்கு, இந்த பேர்ணுக்கு வந்து மூன்று மாதம், பின்னேரம் ஏழு மணிக்கே தெரு அடங்கிப்போகுது, ஆக்கள் முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை, சூரிச்சுக்கு மாறினால் வேலை கெதியாய்க் கிடைக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு வீடு மாறாதேயுங்கோ. ஒரு கோடைகாலமாவது இங்கே இருந்து பாருங்கோ.

நான் வந்தது 1991-இல், இந்த நகரம் தன்ர 800 வயதைக் கொண்டாடின வருசம். ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைஞ்சு ஓடுற மேட்டில, 1191-இல் செரிங்கன் பிரபு ஐந்தாம் பெர்த்தோல்ட் உண்டாக்கின ஊர். 1405-இல் பெருநெருப்பு மரவீடுகளைத் தின்றுபோட்டுது. பிறகுதான் நீங்கள் இப்ப பார்க்கிற பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல்லால் கட்டினார்கள். 1983-இல் யுனெஸ்கோ பழைய நகரை உலகமரபுச் சின்னமாக்கினது. கடைகளுக்கு முன்னால வளைவு வளைவாய்ப் போற நடைபாதை கிட்டத்தட்ட 6 கிலோமீற்றர். கொட்டுற மழையிலும் எங்கட மூத்தவளை வண்டிலில வைத்துக் குடை இல்லாமல் தள்ளிக்கொண்டு திரிந்திருக்கிறன்.

வேலையைப் பற்றிச் சொல்லுறன். சூரிச் வங்கிகளின்ர நகரம். பேர்ண் 1848 தொடக்கம் நாட்டை நிர்வகிக்கிற நகரம். மத்திய அரசு அலுவலகங்கள், ரயில்வே, தபால் தலைமையகங்கள், இன்செல் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லங்கள்: வேலை பெரும்பாலும் இதுகளைச் சுற்றித்தான். எல்லாத்துக்கும் பாஷை வேணும். எங்கட ஆக்கள் கனபேர் உணவகக் குசினியிலயே வருசக்கணக்காய் நின்றதுக்குக் காரணம் படிப்புக் குறைவு இல்லை, டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, படிக்க நேரம் கிடைக்காததுதான். நானும் ஏழு வருசம் கோப்பை கழுவினன். அந்த ஏழு வருசம் எனக்கு இன்னும் நோகுது. நீங்கள் முதல் நாளில இருந்தே வகுப்புக்குப் போங்கோ. பாஷை ஓரளவு வந்தபிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின்ர பராமரிப்பு உதவியாளர் பயிற்சி இருக்குது: 120 மணித்தியாலம் அளவில பாடம், அதோட நேரடிப் பயிற்சி. நான் அந்த வழியாலதான் முதியோர் இல்லத்துக்குப் போனன்.

அங்கே ஒரு வயதான அம்மா. நான் வகுப்பில படித்த டொச்சில, "நீங்கள்" என்கிறதுக்கு "ஸீ" போட்டு மரியாதையாய்க் கேட்பன், அவ யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பா. ஒருநாள் காலமை, கூட வேலை செய்த பிள்ளை சொல்லித் தந்தபடி, "ஹெய்ட் திர் குவெட் க்ஷ்லாஃபெ?" என்று கேட்டன். நல்லாய் நித்திரை கொண்டீங்களோ என்று அர்த்தம். அவ என்ர கையைப் பிடிச்சவ, அரைமணித்தியாலம் விடேல்லை. பேர்ண் பேச்சில மரியாதைக்கு "ஸீ" வராது. பன்மையிலதான் கூப்பிடுவார்கள், நாங்கள் ஒருவரை "நீங்கள்" என்கிற மாதிரியே. எங்களுக்கு இது பழகினதுதானே, தங்கச்சி. படியில யாரைக் கண்டாலும் முதல் நீங்கள் "க்ரூவெஸெஹ்", அதுதான் இங்கத்தை வணக்கம், சொல்லுங்கோ. முகம் தானாய்த் திரும்பும்.

இந்த ஊர் எங்களை உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 80-களில ஸ்டேசனில கூடி நின்ற எங்கட பெடியளைப் பற்றிப் பேப்பர்களில மோசமாய் எழுதினார்கள். அதே நகரத்தில, 2014 மார்கழியில, ஐரோப்பாத் திடலில பல்சமய இல்லம் திறந்தது. ஒரே கூரைக்குக் கீழ சைவக்கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், துருக்கிப் பக்கத்து அலெவி சமயத்தவரின்ர மண்டபம். கோயிலில தமிழிலேயே பூசை நடக்குது. தனிமையாய் இருந்தால் வெள்ளிக்கிழமை அங்கே வாங்கோ.

ஆடி மாதம் ஆரே ஆற்றங்கரையில இருக்கிற மார்ட்சிலி நீச்சல் இடத்துக்குப் போங்கோ, நுழைவு இலவசம். வேலை முடிந்த ஆக்கள் ஆற்றங்கரையால மேல நடந்துபோய்க் குதிச்சு மிதந்து வருவார்கள். முகம் கொடுக்காதவை என்று நீங்கள் நினைச்ச அதே சனம் அங்கே சிரிச்சுக் கதைக்கும். நல்லாய் நீந்தத் தெரியாட்டில் இறங்கவே இறங்காதேயுங்கோ. இழுவை பொல்லாதது, சிவப்புக் கம்பியைப் பிடிச்சு ஏற வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் கீழே அணைக்கட்டு.

கார்த்திகையில நாலாவது திங்கள் வெங்காயச் சந்தை. விடியமுன்னமே தொடங்கும். அஞ்சு மணிக்கு ஸ்டேசனடிக்கு வாங்கோ, நானும் வருவன். பின்னின வெங்காயச் சரம் ஒன்று வாங்கிக் குசினியில தொங்கவிடுவம்.