மூன்று நிமிடத்தில் என்ன பேசிவிட முடியும்?

அமெரிக்க நகரங்களின் குப்பை கடைசியில் யார் வீட்டுப் பக்கம் போய்ச் சேருகிறது என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி நியூ ஜெர்சியிலிருந்து. திட்டியவர்களும் உண்டு. திட்டுகளில் ஒன்றைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

கே: எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், சின்ன லாரியில் வரும் ஊர்க்குப்பையைக் கொட்டிப் பெரிய லாரியில் ஏற்றி அனுப்பும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதை விரிவாக்கப் போகிறார்களாம், கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நூலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். "எல்லாம் முடிவு பண்ணிட்டாங்க, சும்மா கண்துடைப்பு" என்கிறார் என் கணவர். போகலாமா சார்?

ப: போங்கள். உங்கள் கணவர் சொல்வது பாதி சரி, அதனால்தான் போகச் சொல்கிறேன்.

இப்படி ஒரு கூட்டத்துக்கு நான் முதன்முதலில் போனபோது மூன்று பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வணக்கம் சொல்லி, எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன் என்று சொல்லி, காற்று எல்லாருக்கும் பொது என்றெல்லாம் பேசி, முதல் புள்ளிவிவரத்துக்கு வந்து சேர்வதற்குள் மேஜைமேல் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. எனக்கு அடுத்து ஒரு பாட்டி வந்தார். கையில் வெள்ளைத் துணி ஒன்று, நடுவில் கரிக்கோடு. "செவ்வாய்க்கிழமை ஜன்னல் விளிம்பைத் துடைத்தேன், இது இன்று காலை துடைத்தது, இன்று வியாழன்" என்று சொல்லி அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நொடி இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த அனுமதியில் லாரிகள் வெளியே போகும்முன் டயரைக் கழுவ வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பாட்டியால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் என் மூன்று பக்கத்தால் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது உங்கள் மாநிலத்து விஷயம். நியூ ஜெர்சியில் 2020 செப்டம்பரில் சுற்றுச்சூழல் நீதிச் சட்டம் ஒன்று கையெழுத்தானது, அதற்கான விதிகள் 2023 ஏப்ரலில் வந்தன. சட்டம் "சுமை மிகுந்த சமூகம்" என்று வகைப்படுத்திய பகுதியில் (எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்பது அடுத்த பதிலில்) குப்பை எரிக்கும் ஆலை, குப்பை மேடு, பழைய இரும்பு நொறுக்கும் இடம், உங்கள் வீட்டருகே இருப்பது போன்ற நிலையம் என்று பட்டியலில் உள்ள எதை வைக்கவோ விரிவாக்கவோ வந்தாலும், அதனால் ஊருக்கு என்ன பாதிப்பு என்று அந்த நிறுவனம் ஒரு அறிக்கை எழுதித் தர வேண்டும், அந்த ஊரிலேயே கூட்டம் நடத்த வேண்டும். அறிக்கை கூட்டத்துக்குக் குறைந்தது 60 நாள் முன்பே மாநிலத் துறைக்கும் உங்கள் நகராட்சிக்கும் போயிருக்க வேண்டும். ஆகவே முதல் வேலையாக நகராட்சி கிளார்க்கிடம் போய் அதைக் கேளுங்கள். படித்துவிட்டுப் பேசுகிறவருக்கும் படிக்காமல் பேசுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். புதிய ஆலை என்றால், பாதிப்பு மற்ற பகுதிகளைவிட மிஞ்சிப் போகிறது என்று தெரிந்தால் துறை மறுத்தாக வேண்டும், விதிவிலக்கு மிகக் குறைவு. விரிவாக்கத்துக்கு அப்படி இல்லை, நிபந்தனை போடத்தான் இந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதனால் "வேண்டாம், வேண்டாம்" என்று மட்டும் மூன்று நிமிடமும் சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டதாக முடியும். லாரிகள் பள்ளிக்கூடத் தெருவில் வரக்கூடாது, கொட்டும்போது கதவு மூடியிருக்க வேண்டும், இரவு பத்துக்கு மேல் வேலை கூடாது என்று நிபந்தனைகளாகக் கேளுங்கள். கூட்டத்தில் பேசுவது வார்த்தைக்கு வார்த்தை எழுத்தாகித் துறைக்குப் போகிறது, கூட்டம் முடிந்து குறைந்தது 45 நாள் கழித்துத்தான் முடிவு சொல்ல முடியும். நேரில் பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள், அதற்கும் அதே மதிப்புதான்.

கே: நாங்கள் இருவரும் ஐ.டி.யில் இருக்கிறோம், சொந்த வீடு. எங்கள் பகுதியைச் "சுமை மிகுந்த சமூகம்" என்று அரசாங்க வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டு விலை விழுந்துவிடாதா? இது அவமானமாக இல்லையா?

ப: இதுதான் அந்தத் திட்டுக் கடிதம், மீதியை அச்சிட முடியாது.

சட்டம் பார்ப்பது மூன்றே கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சின்னத் தொகுதி ஒன்றில் 35 சதவீதக் குடும்பங்கள் குறைந்த வருமானத்தில் இருந்தால், அல்லது 40 சதவீத மக்கள் சிறுபான்மை இனத்தவர் அல்லது அரசு அங்கீகரித்த பழங்குடியினர் என்றால், அல்லது 40 சதவீத வீடுகளில் நன்றாக ஆங்கிலம் பேசுகிற பெரியவர் ஒருவர்கூட இல்லை என்றால், அது இந்தப் பட்டியலில் வரும். மூன்றில் ஒன்று போதும். நாமும் சிறுபான்மைக் கணக்கில்தான் சார், சம்பளம் எவ்வளவு இருந்தாலும். பெயர் பட்டியலில் வந்ததாலேயே காற்று கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அதற்கு அப்புறம்தான் காற்றில் நுண்துகள், லாரிப் போக்குவரத்து, குடிநீர், அருகில் இருக்கும் நச்சு இடங்கள் என்று 26 விஷயங்களை எடுத்து, பட்டியலில் இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைவிட அந்த 26-இல் எத்தனையில் மோசமாக இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு விலையை வரைபடம் குறைக்காது. எரியுலை குறைக்கும்.

கே: ஏழைகள்தான் விலை மலிவு என்று ஆலைக்குப் பக்கத்தில் போய்க் குடியேறுகிறார்கள். அப்புறம் ஆலையைக் குறை சொன்னால் எப்படி?

ப: சில இடங்களில் அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் எது முதலில் வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், ராபர்ட் புல்லார்ட் என்ற சமூகவியல் பேராசிரியர். 1979-இல் ஹியூஸ்டனில் கறுப்பின நடுத்தர வர்க்கத்தினர் வாழ்ந்த பகுதியில் குப்பை மேடு வரப்போவதை எதிர்த்து வழக்கு. வழக்கறிஞர் அவருடைய மனைவி லிண்டா. "எனக்கு ஆதாரம் வேண்டும்" என்று அவர் கேட்க, இவர் மாணவர்களோடு நகரத்துக் குப்பை இடங்களைக் கணக்கெடுத்தார். நகராட்சியின் ஐந்து குப்பை மேடுகளும் கறுப்பினப் பகுதிகளில் இருந்தன. நகரத்தில் அவர்கள் நாலில் ஒரு பங்கு. வீடு இருந்த இடத்துக்குத்தான் குப்பை வந்தது. வழக்கு தோற்றது, சுற்றுச்சூழல் நீதி என்ற ஒரு துறையே பிறந்தது.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது எனக்கு எப்போது நினைத்தாலும் எரிச்சல். 1984-இல் கலிஃபோர்னியாவின் கழிவு மேலாண்மை வாரியம் காசு கொடுத்து ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் அறிக்கை வாங்கியது. எரியுலை வைத்தால் எந்த மாதிரி ஊர்க்காரர்கள் எதிர்ப்பு குறைவாகக் காட்டுவார்கள் என்று அதில் இருந்தது: வருமானம் குறைந்தவர்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள், வயதானவர்கள். மலிவு நிலத்தைத் தேடினார்கள் என்றால்கூட மன்னிக்கலாம், இவர்கள் வாய் பேசாத ஊரையும் சேர்த்துத் தேடியிருக்கிறார்கள்.

கே: ஒவ்வோர் ஆலையும் அனுமதித்த அளவுக்குள்தான் புகை விடுகிறது. அப்புறம் எதற்குச் சண்டை?

ப: ஒவ்வொன்றும் அளவுக்குள்தான், அதுதான் பிரச்சினையே. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் தனித்தனியாக யாரும் தப்பு செய்யவில்லை, குழம்பை மட்டும் வாயில் வைக்க முடியாது.

இதற்கு நியூ ஜெர்சியிலேயே ஒரு கதை உண்டு. கேம்டன் நகரத்தின் வாட்டர்ஃப்ரண்ட் சவுத் பகுதி. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற அந்தச் சின்ன இடத்தில் மாவட்டக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை, குப்பை எரியுலை, மின்நிலையம், நச்சு படிந்த நிலங்கள் எல்லாம் இருந்தன. அங்கே போய், இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடை அரைத்துச் சிமெண்ட்டுக்குத் தூள் செய்யும் ஆலை ஒன்று வந்தது. வருடத்துக்கு 77,000 லாரிப் பயணம் என்று கணக்கு. மாநிலத் துறை நுண்துகள் அளவை மட்டும் பார்த்து, சரி என்று அனுமதி கொடுத்தது. மக்கள் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த அளவு ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது, ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது, யார் மூச்சு விடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று நீதிபதி ஓர்லோஃப்ஸ்கி 2001 ஏப்ரல் 19-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார். ஊரே கொண்டாடியிருக்கும். ஐந்தே நாள். ஏப்ரல் 24-ஆம் தேதி, வேறொரு வழக்கில், அலபாமாவில் ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது: பாகுபாட்டு நோக்கத்தை நிரூபிக்காமல், விளைவை மட்டும் காட்டித் தனிநபர்கள், கேம்டன் தீர்ப்பும் நம்பியிருந்த மத்திய அரசின் இனப் பாகுபாட்டுத் தடை விதிகளின் கீழ் வழக்குப் போட முடியாது. கேம்டன் தீர்ப்பின் காலடி மண் அதோடு சரிந்தது. நீதிபதி வேறு வழியில் மறுபடி மக்கள் பக்கம் நின்று பார்த்தார், அந்த வருடம் டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. ஆலை ஓடியது.

அன்று நீதிபதி சொன்ன "ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்" என்பதைத்தான் பத்தொன்பது வருடம் கழித்து அதே மாநிலம் சட்டமாக எழுதியது. இடையில் அந்தத் தெருவில் வளர்ந்த குழந்தைகளுக்கு அதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கே: டிரம்ப் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டாரே?

ப: மத்திய அரசில் இருந்ததை. கிளிண்டன் 1994 பிப்ரவரியில் போட்ட சுற்றுச்சூழல் நீதி ஆணை 2025 ஜனவரியில் போனது, எந்தப் பகுதியில் மாசு எவ்வளவு என்று காட்டிய மத்தியச் சுற்றுச்சூழல் துறையின் வரைபடம் அடுத்த மாதமே இணையத்திலிருந்து போனது, நல்லவேளையாகத் தன்னார்வலர்கள் முன்பே நகல் எடுத்து வைத்திருந்தார்கள். ஒருவர் கையெழுத்தில் வந்தது இன்னொருவர் கையெழுத்தில் போகும். மாநிலச் சட்டம் அப்படிப் போகாது.

கே: நாற்றம் என்று சொன்னால் "எங்கள் கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை" என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

ப: நோட்டுப் புத்தகம். தேதி, மணி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, என்ன வாடை (அழுகிய முட்டையா, கருகிய ரப்பரா), எவ்வளவு நேரம், வீட்டில் யாருக்கு இன்ஹேலர் தேவைப்பட்டது. நாலு வீட்டில் நாலு நோட்டு, ஒரே மணி நேரம் நாலிலும் வந்தால் அதை ஊதித் தள்ள முடியாது.

லூசியானாவில் நார்கோ என்ற ஊரில் இன்னும் ஒரு படி போனார்கள். டயமண்ட் என்று நான்கு தெரு, ஒரு பக்கம் ஷெல்லின் ரசாயன ஆலை, மறுபக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மார்கி ரிச்சர்ட் என்ற ஆசிரியையின் வீடு ஆலை வேலியிலிருந்து 25 அடி. அவர்கள் கையில் எடுத்தது பெயிண்ட் வருமே, அந்த அளவு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஒரு பை, பையின் வாய் மட்டும் மூடிக்கு வெளியே. சின்னப் பம்பால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் பை தானாக உப்பி வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். நாற்றம் அடிக்கிற அந்த நிமிடத்துக் காற்று அதில் இருக்கும், ஆலைக்காரரின் கருவி எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். கடைசியில் 2002-இல், நான்கு தெருக்களிலும் விற்றுவிட்டுப் போக விரும்பியவர்களின் வீடுகளை வாங்கிக்கொள்ள ஷெல் ஒப்புக்கொண்டது. ரிச்சர்டுக்கு 2004-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. வாளி மட்டும் ஜெயிக்கவில்லை, பல வருடக் கூட்டம், கடிதம், பத்திரிகை எல்லாம் சேர்ந்துதான்.

கே: என் மாமியாருக்குத்தான் பகல் முழுக்க வீட்டில் இருந்து எல்லாம் தெரியும். லாரி எண்ணிக்கைகூடச் சொல்வார். ஆனால் தமிழ் மட்டும்தான். அவரைக் கூட்டிப் போய் என்ன பிரயோசனம்?

ப: உங்களைவிட அவர்தான் போக வேண்டியவர்.

கலிஃபோர்னியாவில் கெட்டில்மன் சிட்டி என்று பண்ணைத் தொழிலாளர்கள் வாழும் சிற்றூர். பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், பத்தில் நாலு பேருக்கு ஆங்கிலமே தெரியாது. நச்சுக் கழிவு எரியுலைக்கான ஆய்வறிக்கை சுமார் ஆயிரம் பக்கம், முழுக்க ஆங்கிலம். கூட்டம் முப்பது மைலுக்கு அப்பால் வேறொரு ஊரில். ஸ்பானிஷ் வேண்டுமென்றால் அரங்கத்தின் பின்பக்கம் போங்கள் என்றார்கள். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மொழிபெயர்த்துத் தராததால் மக்கள் உண்மையில் பங்கெடுக்கவே முடியாமல் போயிற்று என்று 1991-இல் நீதிமன்றம் சொன்னது, 1993-இல் நிறுவனம் எரியுலைத் திட்டத்தைக் கைவிட்டது. மாசு பற்றிய ஆய்வு போதாது என்றும் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அந்த வாதத்தோடு மொழியும் சேர்ந்து ஜெயித்த வழக்கு அது.

ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே, எழுத்தில், நோட்டீஸில் இருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். கேட்டும் தரவில்லை என்பதையும் மைக்கில் சொல்லிவிடுங்கள், அதுவும் எழுத்தாகும். ஒன்றே ஒன்று: மொழிபெயர்க்கும் நேரமும் அந்த மூன்று நிமிடத்துக்குள்தானா, இல்லை ஆறு நிமிடம் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாமியார் லாரிகளை மணிவாரியாக எண்ணி வைத்திருந்தால் ஆறு நிமிடமும் தேவைப்படும்.