உமிக்கரிதானே தம்பி!

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் புதுவயலில் எங்கள் பூர்வீக வீடு. அரிசி ஆலைக் கரி வளவு முழுக்க விழுகிறது. முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் பாழாகின்றன. நெல் ஊறவைத்த தண்ணீர் நாற்றம் வேறு. அப்பத்தாவுக்கும் ஓயாத இருமல். ஆலைக்காரரிடம் சொன்னால், “உமிக்கரிதானே தம்பி, உங்க ஐயா அதுலதான் பல் விளக்குனாக” என்று சிரிக்கிறார். வீட்டை விற்றுவிடலாமா?

சொக்கலிங்கம், சென்னை

அன்புள்ள சொக்கலிங்கம்,

அப்பத்தாவுக்கு மொத்தமே மூன்று சொல்தானா? திருவிழாவுக்கு வந்துபோகிறவர் கண்ணில் சுவர்தான் படும். வருஷம் பூராவும் அங்கே மூச்சு விடுகிறவர் அவர்.

அந்தப் பல் விளக்குகிற பேச்சை நானும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவன். எங்கள் பெரியாத்தா மாடியில் வடகம் காயவைத்தால், மேலே விழுந்த கரியைப் பொறுக்கவே ஓர் ஆள் வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் உமியின் வடிவம் அப்படியே இருக்கும், தொட்டதும் மையாக இழுகிவிடும். உமி வெந்தாலும் அதிலிருக்கும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே சரக்கு, அழியாது. சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான்.

ஐயா விளக்கியது மூட்டம் போட்டுக் கருக்கிய கரி. பல்லில் தேய்த்துக் கொப்பளித்துத் துப்பினார். யாரும் அதை ராவும் பகலும் மூச்சில் இழுக்கவில்லை. கொதிகலன் அடுப்பில் சூடு மிஞ்சினால் அதே சிலிக்கா படிகமாக மாறும். கல் உடைப்பவர்களின் நுரையீரலைத் தின்பது அந்தப் படிகத் தூசுதான். வடகத்தில் விழும் கரிகூடப் பரவாயில்லை, மூக்கும் சளியும் அதைப் பிடித்துவிடும். வம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாததில். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் காற்றுப்பை வரை போகும், ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமாவைக் கிளப்பும், மாரடைப்பு வரை இழுத்துவிடும். காற்றில் இந்தத் துகள் ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இதில் பல் எங்கே வந்தது? களத்தில் நெல் கிளறும் பெண்களும் சாம்பல் அள்ளுகிறவர்களும் உங்கள் அப்பத்தாவுக்கு முன்பே இதை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு யார் கடிதம் எழுதுவது?

நாற்றத்தைப் பற்றி இன்னொரு நாள். வீட்டை விற்பது உங்களுக்கும் பங்காளிகளுக்கும் உள்ள விஷயம், எத்தனை கையெழுத்து வேண்டுமோ!

முதலில் அப்பத்தாவை நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போய், குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யுங்கள். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ‘வயசாச்சு’ என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் சீட்டு நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுங்கள். “சைக்ளோன் மாட்டியிருக்கிறோம்” என்று ஆலையிலிருந்து பதில் வரும். அது புகையைச் சுழற்றித் தூசைப் பிரிக்கும் கருவி, பெரிய தூளைத்தான் பிடிக்கும். நுண்துகளுக்குப் பை வடிகட்டி வேண்டும், அது ராத்திரியிலும் ஓட வேண்டும். இரண்டையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.