ஒன்றரை மடங்கு வேகத்தில்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது முதல்முறை. எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போன மாதம் ‘உனக்குப் பிடித்த பத்துப் படம்’ என்று ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். இயக்குநர், வருடம், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் எல்லாம் சேர்த்து. ‘பதேர் பாஞ்சாலி’, ‘பைசிக்கிள் தீவ்ஸ்’, ‘டோக்கியோ ஸ்டோரி’, ‘உதிரிப்பூக்கள்’, ‘வீடு’ எல்லாம் அதில் உண்டு. ‘ரொம்ப சீன் போடாதே’ என்று கிண்டல் செய்தார்கள். ஒருத்தர்கூட ஒரு படத்தைப் பற்றியும் கேட்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்து பத்தையும் மறுபடி பார்த்தேன் (நேரமில்லாததால் ஒன்றரை மடங்கு வேகத்தில். பழைய படங்கள் மெதுவாகத்தானே போகின்றன, கதை நன்றாகவே புரிகிறது). சில படங்கள் முன்பு தந்த அனுபவத்தைத் தரவில்லை. லீவுக்கு வந்திருந்த மகளுக்கு ‘வீடு’ போட்டுக் காட்டினேன். கால் மணி நேரத்தில் போனை எடுத்துவிட்டாள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லை.

ஒரு படம் ஏன் மனதில் தங்குகிறது? இளமைக்கால நினைவின் மேலுள்ள பிரியம்தானா அது? உங்களுடைய பத்துப் படங்கள் எவை? ஓடிடி வந்தபின் சினிமா செத்துவிட்டதா? என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய நல்ல பிரிண்டுகள் இருக்கின்றன. முகவரி தந்தால் அனுப்பிவைக்கிறேன்.

கே.,
ஓசூர்

அன்புள்ள கே.,

அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் தாண்டிப்போன வரியில்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. ஒன்றரை மடங்கு வேகம்! படித்ததும் கோபம் வந்தது. இன்னும் முழுதாக இறங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். ஓடிடியால் சினிமா சாகவில்லை. டிவி வந்தபோதும் வீடியோ கேசட் வந்தபோதும் இதே ஒப்பாரியைக் கேட்டாயிற்று. பத்துப் படப் பட்டியல் தர மாட்டேன். தந்தால் அதை அப்படியே குழுவில் ஒட்டுவீர்கள், என் பெயரைச் சொல்லி நண்பர்களை ஜெயிக்கப் பார்ப்பீர்கள். அவர்கள் கிண்டல் செய்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. நீங்கள் போட்டது மளிகைச் சிட்டை. அதில் ஒரு காட்சி கிடையாது, ஒரு முகம் கிடையாது. எனக்கு எழுதிய இந்தக் கடிதத்திலும் கிடையாது. சிட்டையை வாசித்து யாருக்குப் பசிக்கும்?

நானே கொஞ்ச நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். படத்தின் கதையைப் பத்து நிமிடத்தில் மூச்சுவிடாமல் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ‘அந்தப் படம் பாத்துட்டேன் மாமா’ என்பான். ஒருநாள் அவனோடு சண்டையே போட்டேன். ‘கதையைக் கரெக்டாத்தானே மாமா சொல்றாங்க, இதுல என்ன போச்சு?’ என்று கேட்டான். அவன் சொல்வது சரி. கதை எதுவும் குறையவில்லை. அப்படியானால் போனது எது? எனக்குப் பிடித்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது தங்கியிருக்கிறது என்று பார்த்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் தங்கியிருப்பது கதைக்கு வேண்டாத ஏதோ ஒரு நிமிடம். கத்திரியோடு உட்கார்ந்தால் யாரும் முதலில் வெட்டி எறியக்கூடிய நிமிடம்.

உங்கள் பட்டியலிலிருந்தே எடுக்கிறேன். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948). சைக்கிள் திருடுபோய்விட்டது, சைக்கிள் இல்லையென்றால் போஸ்டர் ஒட்டும் வேலை இல்லை. தேடி அலைகிற அலைச்சலில் அப்பன் பிள்ளையை அறைந்துவிடுகிறான். பிறகு மனது கேட்காமல், கையிலிருக்கும் காசுக்கு அவனை ஒரு உணவு விடுதிக்குக் கூட்டிப்போகிறான். பையன் சீஸ் வைத்த ரொட்டியைக் கடித்து இழுக்கிறான், அது நூலாக நீள்கிறது. பக்கத்து மேசையில் பணக்கார வீட்டுப் பையன் ஒருவன். இவன் தின்றுகொண்டே அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். இந்தக் காட்சியால் சைக்கிள் கிடைக்கப்போவதில்லை. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) மனைவி இறந்த விடியலில் கிழவர் வெளியே போய் நிற்கிறார். தேடிவந்த மருமகளிடம் அவர் பேசுவது சாவைப் பற்றியல்ல. விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். பத்து நிமிட வீடியோவில் இதை எப்படிச் சொல்வான்? ‘அம்மா இறந்துவிடுகிறார், அடுத்து’ என்று போய்விடுவான்.

இதைக் கலைப்படக்காரன் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். ‘திருவிளையாடல்’ (1965) எங்கள் ஊர்க் கோயில் கொடைக்குத் திரை கட்டிப் போடுவார்கள். பாண்டியனுக்குச் சந்தேகம், ஆயிரம் பொற்காசு, இறைவனே எழுதிக் கொடுத்த பாட்டு. கதை அவ்வளவுதான். தருமி அவையில் அவமானப்பட்டுத் திரும்பியதும் சிவன் வந்துவிட்டால் கதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாகேஷ் கோயிலுக்குள் அங்குமிங்கும் நடந்து தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருக்கிறார். மறுநாள் டீக்கடையில் நெற்றிக்கண்ணைப் பற்றிப் பேச்சே இருக்காது. பெரிய மனுஷர்களெல்லாம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தப் புலம்பலைப் புலம்பிக் காட்டுவார்கள்.

இனி ‘வீடு’. பாலு மகேந்திரா இயக்கியது, 1988இல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தா, தங்கை, வேலைக்குப் போகும் சுதா. தாத்தாவின் பேரில் வளசரவாக்கத்தில் இருக்கும் மனையில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், மழை, லஞ்சம், காண்டிராக்டர், திருட்டுப்போகும் சிமெண்ட் என்று எல்லாம் வருகிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், நட்சத்திரம் போட்டவர்தானே. நான் பேசவருவது அந்தத் தாத்தாவை. நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறார். போய், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து இசை கேட்கிறது. படத்தில் பாட்டே கிடையாது. கிழவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. கதை அங்கே நின்றுபோகிறது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில். ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள், ஞாபகம் இருக்கும். மலையாளமோ ஒரியாவோ வந்தால் வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அன்று தமிழ் என்பதால் அப்பாவும் உட்கார்ந்தார். அப்போது பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டிக்கொண்டிருந்தோம் என்று சொல்வதுகூட அதிகம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கல் கட்டி, லிண்டல் மட்டத்துக்கு ஏறுவதற்குள் அப்பாவின் கையிருப்பு, அம்மாவின் வளையல் எல்லாம் போயிருந்தன. பணம் வந்தால் நாலு நாள் வேலை நடக்கும், பிறகு நின்றுவிடும். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சத்தம் போட்டே அறியாத மனிதர், அந்த நாட்களில் சோற்றில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவைக்கும் ஆளாகிப்போயிருந்தார். பின்னால் பாலு மகேந்திராவின் பேச்சு ஒன்றை வாசித்தபோது திடுக்கிட்டேன். மட்டக்களப்பில் அவர் சிறுவனாக இருந்தபோது அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கினாராம். அதற்குப் பிறகு அம்மாவின் சுபாவமே மாறிவிட்டதாம். அந்த நினைவிலிருந்து வந்த படம் இது.

அன்று மதியம் அப்பா படத்தை வாய் திறக்காமல் பார்த்தார். கிழவர் சுவரைத் தொட்டு நடக்கும் இடம் வந்தது. ‘எவ்வளவு நேரம்தான் தடவுவாரு’ என்றாள் அம்மா. அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படம் முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அந்த வெயிலில் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, ‘நிலைக்கதவு மழையில நனையுதான்னு பாக்கணும்’ என்றார். மழைக்கு அறிகுறியே இல்லாத வானம்.

அடுத்த சனிக்கிழமை கூலி கொடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். கொத்தனாரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ‘டிவில ஒரு படம் போட்டான்யா’ என்று ஆரம்பித்தார். அப்பா யாரிடமும் சினிமா பேசி நான் கேட்டதில்லை. படத்தின் பெயரைச் சொல்லவில்லை. சிமெண்ட் திருட்டுப்போவதை ஜாக்கிரதையாக விட்டுவிட்டார், கொத்தனார் தப்பாக எடுத்துக்கொள்வார் என்று. ‘ஒரு கிழவர் வீட்டைப் பாக்க வாராருய்யா’ என்று மட்டும் சொல்லி, வாசலிலிருந்து உள்ளே நடந்து காட்டினார். கையை எங்கள் சுவரில் வைத்து, செங்கல் செங்கலாக இழுத்துக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தார். சித்தாள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ‘பாத்து சார், தோல் உரிஞ்சிரும்லா’ என்றார் கொத்தனார். பிறகு யோசித்துவிட்டு, ‘படத்துல அது பூசுன செவரா, பூசாத செவரா?’ என்று கேட்டார்.

அப்பாவுக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார், அக்காவிடம் கேட்டார், ஆளுக்கொன்று சொன்னோம். மறுபடி பார்க்க அப்போது வழி ஏது? எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு இன்றுவரை ‘செவரு படம்’ என்றுதான் பெயர். கதை என்ன, நடித்தது யார், யாருக்கு விருது, எதுவும் அப்பாவுக்குத் தங்கவில்லை. அவர் கடைசிவரை வைத்திருந்தது அந்த நடையை மட்டும்தான். அதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொத்தனாருக்கு நடந்து காட்டினார்.

இளமைக்கால நினைவின் பிரியமா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கிய வயது. படத்தை முதல்முறையாகப் பார்க்கிறார். எந்த இளமையை நினைத்து சைக்கிளை மிதித்தார்? கதை ஓடிக்கொண்டே இருக்கும்வரை நாம் அதன் பின்னால் ஓடுகிறோம், அடுத்து என்ன, அடுத்து என்ன என்று. அது நிற்கும் இடத்தில்தான் நம் வீட்டுச் சுவர் நினைவுக்கு வர நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தைத்தான் நீங்கள் ஒன்றரையால் வகுத்தீர்கள். வகுத்துவிட்டு, முன்பு தந்த அனுபவத்தைத் தரவில்லை என்று படத்தின் மேல் புகார் எழுதுகிறீர்கள். இதே மனிதர் கச்சேரிக்குப் போனால் ஆலாபனையை ஓட்டிவிட்டுக் கீர்த்தனையை மட்டும் கேட்பாரா? கேட்டாலும் கேட்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். ‘வீடு’ படத்தின் நெகடிவ் இன்று இல்லை. பாலு மகேந்திராவே வேதனையோடு சொன்ன விஷயம் இது. தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014இல் அவரும் போய்விட்டார். நம் கையில் மிஞ்சியிருப்பவை பிரதிகள் மட்டும். மிஞ்சியதையும் அவசரமாக ஓட்டித் தள்ளினால் எப்படி ஐயா?

திட்டிக்கொண்டே வந்தாலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றேன். ‘ஒருத்தர்கூட ஒரு படத்தைப் பற்றியும் கேட்கவில்லை.’ இந்த ஏக்கம் எனக்குத் தெரியும். வயது ஏற ஏற, நமக்குப் பிடித்த ஒன்றை யாராவது பிடித்து உட்கார வைத்துக் கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது. யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாவையும் கொத்தனார் கேட்கவில்லை. நாமாகத்தான் தொடங்கவேண்டும், கொஞ்சம் வெட்கம் கெட்டு. பத்துப் படம் வேண்டாம், ஒரு படத்தில் ஒரு இடத்தை அந்தக் குழுவில் எழுதிப் பாருங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மகள் விஷயத்தில் நான் அவள் கட்சி. கால் மணி நேரம் போனைத் தொடாமல் பார்த்திருக்கிறாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன். ‘இப்பப் பாரு’ என்றிருப்பீர்கள். ‘இது நேஷனல் அவார்டு’ என்றிருப்பீர்கள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள், பிடிக்கிறதா பிடிக்கிறதா என்று. யாருக்கும் போனை எடுக்கத் தோன்றும். அவளுக்கும் நீங்கள் ஒன்றரை மடங்கில்தான் ஓட்டிக் காட்டினீர்களோ என்ற சந்தேகம் வேறு எனக்கு இருக்கிறது. இருந்தால் மன்னிப்புக் கேளுங்கள், என்னிடம் அல்ல.

அடுத்த லீவுக்கு வரும்போது சரியான வேகத்தில் போடுங்கள், வாயை மூடிக்கொண்டு நீங்களும் பாருங்கள். அவள் நடுவில் எழுந்துபோனால் போகட்டும், படத்தை நிறுத்தாதீர்கள். முடிந்தபின் எனக்கு எழுதுங்கள். நட்சத்திரம் எல்லாம் வேண்டாம், அந்தக் கொத்தனாரின் கேள்விக்கு மட்டும் பதில் போதும். நான் பிற்பாடு சென்னையில் பெரிய திரையில் அதற்காகவே உற்றுப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறேன், சொல்ல மாட்டேன். நீங்கள் போன மாதம்தான் பார்த்திருக்கிறீர்கள். நினைவிருக்கிறதா?

ஹார்ட் டிஸ்க் அனுப்ப வேண்டாம். இருப்பதையே பார்த்து முடிக்கவில்லை.