கூட்டு வகுப்பில் பின்தங்கிவிட்டேன், விலகிவிடலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. சிங்கப்பூரில் வீட்டருகே உள்ள சமூக மன்றத்தில், கிட்டார் போன்ற சிறு கருவியான யூக்கலேலி வகுப்பில் சேர்ந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது, நான் விரல்களை அடுத்த கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு) மாற்றுவதற்குள் பாட்டு ஓடிவிடுகிறது. தவறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று, தந்தியைத் தொடாமல் வாசிப்பதுபோல் பாவனை செய்கிறேன். சிறு வயதில் கர்நாடக சங்கீதம் கற்றவள் என்பதால், என் கருவியின் மேல்தந்தி அதற்கடுத்த தந்தியைவிட உயர்ந்த சுருதியில் ஒலிப்பதும் உறுத்துகிறது. கருவியில் கோளாறா? தனி ஆசிரியரிடம் போய்விடலாமா? வகுப்பின் முடிவில் மேடை நிகழ்ச்சி வேறு இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: கருவியில் கோளாறு ஏதுமில்லை. யூக்கலேலியின் நான்கு தந்திகளுக்கும் மேலிருந்து கீழாக ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி சேர்ப்பது வழக்கம். சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் அவை ப, ச, க, த என்று உங்கள் காதில் விழும். இதில் பஞ்சமம் ஷட்ஜத்துக்குக் கீழே இறங்காமல் மேலே நிற்பதுதான் இந்தக் கருவிக்கே உரிய கலகலப்பான ஒலியைத் தருகிறது. தம்புராவுக்குப் பழகிய காதுக்கு இதன் காந்தாரம் ஒரு நூலிழை ஏறியிருப்பதாகவும் தோன்றலாம். அது மேற்கத்திய சுருதி முறையின் இயல்பு, அதைத் திருத்த முயன்றால் மற்ற பத்தொன்பது பேரோடும் சேராமல் போய்விடும்.

குழுவை விட்டு விலக வேண்டாம் என்பதே என் கருத்து. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் சால்மர்ஸ் டோன் என்ற இசை ஆசிரியர் 1960-களின் பிற்பகுதியிலிருந்து இந்தக் கருவியை வகுப்பு வகுப்பாகக் கற்பித்தார்; விலை குறைந்த, பிடிக்க எளிதான, கூடவே பாடவும் இடம்கொடுக்கும் கருவி என்பதால் ஒரு வகுப்பே ஒன்றாக வாசிக்க முடிந்தது. கூட்டு வகுப்பு நன்றாகக் கற்றுத் தருவது தாளத்தைத்தான். இடக்கை விரல்களுக்கான பயிற்சி அங்கே போதிய அளவு கிடைக்காது, அதை வீட்டில்தான் செய்தாக வேண்டும். நீங்களோ வகுப்பில் இடக்கையைப் பற்றிய கவலையில் வலக்கையை நிறுத்திவிடுகிறீர்கள். பாவனையில் நான் காணும் குறை அதுதான். தவறான கார்டு இருபது பேர் ஒலியில் கரைந்துவிடும், ஆனால் ஒலிக்காத கை எதையும் கற்றுக்கொள்வதில்லை.

ஆகவே அடுத்த வகுப்பில், நான்கு அட்சரங்களில் முதல் அட்சரத்தில் மட்டும் மீட்டுங்கள். மீதி மூன்றும் விரல்களை நகர்த்துவதற்கு. அப்போதும் கார்டு வந்து சேரவில்லையென்றால், இடக்கை விரல்களை அழுத்தாமல் தந்திகளின் மேல் லேசாகப் படரவிட்டு மீட்டுங்கள். சுரம் எதுவும் எழாமல் ‘சக், சக்’ என்ற ஓசை மட்டும் கேட்கும். தேர்ந்தவர்களும் வேண்டுமென்றே செய்வதுதான் இது, யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். ஆதி தாளம் போட்ட கை உங்களுடையது. அந்த வரிசையில் தாளம் பிசகாமல் மீட்டுபவர்களுள் ஒருவராக நீங்கள் விரைவிலேயே ஆகிவிடலாம்.

வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் போதும். வகுப்புக்கு முந்தின இரவு ஒரு மணி நேரம் உட்கார்வதைவிட அது மேல். முழுப் பாட்டை வாசிக்காமல், இரண்டிரண்டு கார்டுகளுக்கு இடையிலான மாற்றத்தை மட்டும் மெதுவாகப் பழகுங்கள். ஏ மைனர் கார்டில் நடுவிரல் மேல்தந்தியின் இரண்டாம் மெட்டில் (கருவியின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளே மெட்டுகள்) இருக்கிறது. எஃப் கார்டுக்கும் அது அங்கேயேதான் இருக்க வேண்டும், ஆள்காட்டி விரலை மட்டும் ஈ தந்தியின் முதல் மெட்டில் வைத்தால் போதும். அங்கிருந்து ஜி செவனுக்குப் போகும்போது அந்த ஆள்காட்டி விரல் அசையாது, மற்றவைதான் இடம் மாறும். பெரும்பாலான புதியவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா விரல்களையும் தூக்கிவிட்டு மறுபடி தேடுகிறார்கள். பாட்டு ஓடிவிடுவதற்குக் காரணம் வயதைவிட இந்தப் பழக்கமாகவே இருக்கும்.

விரல் நுனி எரிச்சல் சில வாரங்களில் தணிந்துவிடும். மெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் அழுத்தியும் முதல் மெட்டில் மட்டும் அதிக பலம் தேவைப்பட்டால், தந்தி அங்கே உயரமாக இருக்கலாம், ஆசிரியரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் வலி வந்தாலோ, கை நிலை சரியா என்ற ஐயம் தீராவிட்டாலோ தனி ஆசிரியரிடம் ஓரிரு பாடம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, வகுப்பிலும் தொடர்ந்தபடியே.

மேடையில் நிச்சயமாக ஏறுங்கள். பாட்டுப் பட்டியலை இப்போதே கேட்டு வாங்கி, எந்தெந்தக் கார்டுகளை விட்டுவிட்டு ‘சக்’ என்று கடக்கப்போகிறீர்கள் என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஈ கார்டு வரும் பாட்டாக இருந்தால் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்; பல ஆண்டுகள் வாசித்தவர்களே அதைத் தவிர்க்க வழி தேடுவார்கள்.