ஊர் விழாவில் உள்ளூர் நாகசுரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், ஆண்டுதோறும் தை மாதம் ஊர்ப் பொதுவில் வசூல் செய்து மூன்று நாள் இசை விழா நடத்துகிறோம். சுற்றுவட்டார நாகசுர, தவில் கலைஞர்களுக்கு மாலைதோறும் கால் மணி நேர மங்கல இசை மட்டுமே தருகிறோம். அவர்கள் வாசிக்கும்போது பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அவர்களுக்கென்று நான்காவதாக ஒரு நாள் சேர்க்கலாம் என்று விழாக் குழுவில் பேசுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?

வாசகர், மயிலாடுதுறை வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

தனி நாள் வேண்டாம். வெளியூர்ப் பாடகரைக் கேட்க வரும் கூட்டம் அன்றைக்கு வராது. வசூல் குறைகிற ஆண்டில் முதலில் கைவிடப்படுவதும் அந்த நாளாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் மாலையின் பிரதானக் கச்சேரியையே அவர்களுக்குக் கொடுங்கள், குறைந்தது இரண்டரை மணி நேரம்.

நேரத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த வாத்தியத்திலேயே இருக்கிறது. நாகசுரத்தின் வாயில் கோத்துத் தொங்கும் சீவாளிகளை, அதாவது நாணலாலான ஊதுவாய்களை, கவனித்திருப்பீர்கள். கலைஞர் ஒன்றை எடுத்து நாவில் நனைத்து, ஊதிப் பார்த்து, பிடிக்காமல் மாற்றி, ஊசியால் வாயைச் சற்றே திறந்து சரிசெய்து, மறுபடி ஊதுவார். உலர்ந்த சீவாளி அவர் கேட்கிற நாதத்தைக் கொடுக்காது. அது பதத்துக்கு வந்து ராகம் விரியத் தொடங்கும்போது உங்கள் கால் மணி நேரம் முடிந்துவிடுகிறது.

இந்த மண்ணில் நாகசுரம் முன்னுரையாக இருந்ததில்லை. சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரி இசை முடிந்தபின், வீதியில் நின்று ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்தவர்களும், அதை விடிய விடியக் கேட்டவர்களும் இந்தக் காவிரிப் படுகையில்தான் இருந்தார்கள். நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் உலகறிந்தது. உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாகசுரத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த சுருதியில் நீண்ட பாரி நாயனத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் நரசிங்கம்பேட்டை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவ்வூர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி உண்மையானால், அதை வாசிப்பவரை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

முதலில் வாசிப்பதே மரியாதை என்று உங்கள் குழுவில் சிலர் சொல்லக்கூடும். மங்கல இசை இருக்கட்டும், அது நல்ல மரபு. ஆனால் கேட்க ஆளில்லாத நேரத்தை ஒதுக்கிவிட்டு அதை மரியாதை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சன்மானத்தில் உள்ளூர், வெளியூர் என்று பார்க்காதீர்கள். நாள்தோறும் எதிரில் பார்க்கிற மனிதர் என்பதற்காக அவருடைய சாதகப் பயிற்சி மலிந்துபோவதில்லை. தவிலுக்கு யார் என்பதை நாகசுரக் கலைஞரே முடிவு செய்யட்டும். தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு நேரம் விடுங்கள். மைக்கைத் தவிலை ஒட்டி வைக்க வேண்டாம், அதன் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கள் எழுப்பும் சொற்கள் இரைச்சலில் கரைந்துவிடும்.

தை முகூர்த்த மாதம் என்பதால் நல்ல கலைஞர்கள் முன்னதாகவே கல்யாணங்களுக்கு ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஆகவே மார்கழியிலேயே நாளைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். கல்யாணமில்லாத அந்த மாதத்தில் அவர்கள் வீட்டுக்கும் அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்